அரங்கம் தந்த நவாப்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்து சென்றால் கொட்டாம்பட்டியை அடையலாம். அவ்வட்டாரத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் விடிய விடிய நடைபெறும் வழக்கத்தை நாம் அறிவோம். மாலையில் வெறுங் கொட்டகையாக நிற்கும் இடம், வண்டியில் வந்திறங்கும் சீன் துணிகளைக் கட்டியதும் தெருவாகவும் வனமாகவும் அரண்மனையாகவும் மாறிவிடுகின்றது. பாடுவோரின் பெயர்கள் சுவரொட்டியில் இடம்பெறும்; கயிறு இழுப்பவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. அந்தக் கயிற்றுக்கும் துணிக்கும் தமிழ் இசை நாடக மேடையில் பெருமதிப்புத் தேடித்தந்த ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவரே நவாப் டி.எஸ். இராஜமாணிக்கம்.

அவர் 1906-ஆம் ஆண்டில் பிறந்தவர். தமிழகத்தில் சிறுவர் நாடகக் குழுக்கள் தழைத்திருந்த காலத்தில் வளர்ந்தவர். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஜெகந்நாதையரின் பால மீனரஞ்சனி சங்கீத சபையும் அக்காலத்தில் புகழ்பெற்று விளங்கியது. இக்குழுக்கள் குருகுலங்களைப் போன்றவை. வறுமையுற்ற குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே உண்டு, உறங்கி, பாட்டும் வசனமும் பயின்றனர். ஜெகந்நாதையரின் குழுவில் நடிப்புப் பயின்ற இராஜமாணிக்கம், பின்னர் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா என்னும் குழுவைத் தாமே நடத்தினார். ஊர் ஊராகச் சென்ற அக்குழு மதுரையின் பெயரைத் தன் பெயரோடு சுமந்து சென்றது நமக்குப் பெருமை தருவதாகும்.

இக்குழுவின் தனிச்சிறப்பு அதன் காட்சியமைப்பு. இராஜமாணிக்கத்திற்கு முன்னரே சி. கன்னையா தம் தசாவதார நாடகத்தில் மேடைக் காட்சிகளைப் பெருஞ்சிறப்போடு அமைத்துக் காட்டியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த எழுதிய திரைகளும் பக்கத் தட்டிகளும் தமிழ் மேடையில் வேரூன்றிவிட்டன. அந்த மரபை ஏற்று வளர்த்த இராஜமாணிக்கம், பிரம்மாண்டமான அரங்க அமைப்புகளாலும் கண்டோரை வியக்கவைத்த தந்திரக் காட்சிகளாலும் புகழ்பெற்றார். சம்பூர்ண இராமாயணம், தசாவதாரம் முதலிய நாடகங்களைக் காண மக்கள் திரண்டனர்.

இசை நாடகத்திற்கு அரங்கு அமைப்பது எளிய செயலன்று. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, பசை கலந்த வண்ணம் பூச வேண்டும். விளக்கொளியில் அவ்வண்ணம் எவ்வாறு தோன்றும் என்பதை ஓவியர் முன்கூட்டியே உணர்ந்திருத்தல் வேண்டும். சுருட்டி ஏற்றும் திரைகள் சிக்கலின்றி இறங்கக் கயிறும் கப்பியும் சீராக இயங்க வேண்டும். ஊர் மாறும்போது அனைத்தையும் பிரித்துக் கட்டி எடுத்துச்சென்று மறு ஊரில் மீண்டும் எழுப்ப வேண்டும். இவற்றினும் அரியது காலக்கணக்கு. முன்புறத்தில் தெருத் திரையை இறக்கி நகைச்சுவைக் காட்சி நடக்கும்போதே, அதன் பின்னால் ஓசையின்றி அரசவை எழும். முன்னே பாடுபவரின் பாட்டு முடிவதற்குள் பின்னே அரியணை அமர்ந்திருக்க வேண்டும். அரங்கமைப்போர் இசை அறியாதவராயின் காட்சி சிதைந்துவிடும். ஆகவே கப்பியருகில் நிற்பவரும் பாட்டின் தாளத்தைக் காதில் வாங்கியபடியே நின்றனர்.

அவ்வாறு எழுந்த அரசவைகளுள் ஒன்றே இராஜமாணிக்கத்திற்கு அவருடைய பெயரை வழங்கியது. பக்த இராமதாஸ் நாடகம் கோல்கொண்டாவின் கடைசிக் குதுப்ஷாகி மன்னர் அபுல் ஹசன் தானிஷா காலத்துக் கதை. அரசின் வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் கோயில் எழுப்பிய அதிகாரி கோபண்ணா சிறைப்படுகின்றார். இறுதியில் பணம் செலுத்தப்பட்டு விடுதலை பெறுகின்றார் என்பது மக்களிடையே வழங்கும் கதை. வரலாற்றிலும் தானிஷாவின் அரசவையில் மாதண்ணா, அக்கண்ணா என்னும் இந்து அமைச்சர்கள் உயர்பதவி வகித்தனர். பத்ராசலத் திருக்கல்யாணத்திற்கு அரசின் சார்பில் முத்துகள் அனுப்பும் வழக்கம் அம்மன்னர் தொடங்கிவைத்தது என்று சொல்லப்படுகின்றது.

இக்கதையில் நவாபைக் கொடியவராகவோ கோமாளியாகவோ காட்டிக் கைதட்டல் பெறுவது எளிது. சிறையிலிடுபவர் அவரே அல்லவா? இராஜமாணிக்கம் அவ்வேடத்தை ஏற்று நடித்த சிறப்பினால் மக்கள் அவரை நவாப் என்றே அழைக்கலாயினர். பட்டம் பெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால், தாம் பிறவாத ஒரு சமயத்து மன்னரின் சிறப்புப் பெயரை அவர் வாழ்நாள் முழுதும் மகிழ்வுடன் தாங்கினார். இகழத்தக்க வேடமாக அது அமைந்திருந்தால் எவரும் அப்பெயரை அன்போடு சொல்லியிருக்க மாட்டார். அவரும் ஏற்றிருக்க மாட்டார் என்று நாம் கருதுகின்றோம்.

1935-இல் இந்நாடகம் முருகதாசாவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். சிறுவராக இக்குழுவில் சேர்ந்த எம்.என். நம்பியார் திரையில் முதன்முதலாகத் தோன்றியது இப்படத்தில்தான்.

அவருடைய அரங்கில் பிற சமயங்களுக்கும் இடமிருந்தது. இயேசுநாதரின் வரலாற்றை நாடகமாக்கினார். அவருடைய ஐயப்பன் நாடகம் சபரிமலையின் பெயரைத் தமிழகத்துச் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றது. ஐயப்பன் வரலாற்றில் வாவர் என்னும் இசுலாமியர் உற்ற தோழராக விளங்குவதையும், மலைக்குச் செல்வோர் எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம்வந்து செல்வதையும் நாம் அறிவோம். கோல்கொண்டாவின் அரசவையையும் பெத்லகேமின் கதையையும் சபரிமலைக் காட்டையும் அந்த ஒரே குழுவினர் ஊர்தோறும் எழுப்பிக் காட்டினர்.

பேசும் படம் பரவப் பரவ நாடகக் கொட்டகைகள் திரையரங்குகளாயின. பெருங்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நவாப் இராஜமாணிக்கமும் 1974-இல் மறைந்தார். துணியிலும் மரத்திலும் எழுதிய கலை, மைசூர் அரண்மனைபோல நின்று நிலைப்பதன்று, விடிந்ததும் பிரிக்கப்படுவது. அவர் எழுப்பிய அரியணை இன்று எங்கும் இல்லை. அதில் அமர்ந்து அவர் பெற்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கின்றது.

மாணவச் செல்வங்கள் கல்லூரி விழாவில் நாடகம் நடத்தும்போது, தம்மினும் வேறுபட்டவரின் வேடம் ஏற்க நேரிடலாம். அவருடைய இல்லத்தையோ வழிபாட்டிடத்தையோ அட்டையிலும் துணியிலும் அமைக்க நேரிடலாம். அப்போது அவ்வரங்கை, அதற்குரியவரே முன்வரிசையில் அமர்ந்து காணப்போகின்றார் என்ற எண்ணத்துடன் அமைத்தல் வேண்டும். கண்டு முடித்த அவர் நம்மைத் தம்மவர் என்று அழைப்பாராயின், அதனினும் உயர்ந்த பட்டம் வேறில்லை. அத்தகைய பட்டத்தைப் பெற்று வாழ்ந்தவர் நவாப் இராஜமாணிக்கம்.