வரவு செலவுக் கணக்கில் வகுப்பறையைத் தேடியவர்

வரவு செலவுத் திட்டச் செய்தி என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பல்கலைக்கழகப் பாடத்திற்காகக் கோபால கிருஷ்ண கோகலேயின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தப் பழக்கம் மாறியது.

1866-இல் இந்தியாவின் மேற்குக் கரையில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கோகலே. அண்ணன் தம் சிறு சம்பளத்தில் பணம் அனுப்பி அவரைப் படிக்க வைத்தார். பூனா ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர், பிரிட்டிஷ் இந்தியாவின் மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1902 முதல் அங்கு வரவு செலவு விவாதங்களில் புள்ளிவிவரங்களோடு பேசினார். இராணுவச் செலவைக் குறைத்துப் பள்ளிகளுக்குப் பணம் தாருங்கள் என்பதே அவர் வாதம்.

1911-இல் 6 முதல் 10 வயதுச் சிறுவர்களுக்குத் தொடக்கக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்க மசோதா கொண்டுவந்தார். யார் பணம் தருவது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது: மூன்றில் இரண்டு பங்கை அரசும், மீதியை உள்ளாட்சி மன்றங்களும் ஏற்க வேண்டும். 1912-இல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா தோற்றது.

1915-இல், 48 வயதில் கோகலே மறைந்தார். இந்தியா முழுமைக்குமான இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல்தான். இடையில் பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகள் எத்தனை பேர்!

நண்பர்களே, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கல்விக்கு எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், வகுப்பறைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்றும் கேட்போமா?