ஆனந்தரங்கப் பிள்ளையும் தாத்தாவின் நோட்டும்

நம் கல்லூரியில் படித்த காலத்தில் சரித்திரம் என்றாலே எனக்கு வேப்பங்காய். கால்குலேட்டரும் டிராயிங் போர்டும்தான் உலகம். அப்படிப்பட்ட நான் இந்த மலரில் 18-ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால், காரணம் சின்னமனூரில் எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு நோட்டு.

தாத்தா 1940-களில் எழுதியது. பெரியாற்றுத் தண்ணீர் வந்த நாள், நாற்று நட்ட கூலி, கொடுக்கல் வாங்கல், எல்லாம் தமிழ் வருஷப் பெயரோடு இருக்கும். கரையான் அரித்த பக்கங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். இப்படி எழுதியவர்கள் வேறு யார் என்று தேடியபோதுதான் பிள்ளையவர்கள் கிடைத்தார்.

ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தது 1709-இல், சென்னையை அடுத்த பெரம்பூரில். தந்தை திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு பாண்டிச்சேரிக்குப் போய் வியாபாரத்தில் கால் ஊன்றினார். மகனும் அதே வழியில் வந்து, பிரெஞ்சுக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றார். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னரின் கோபதாபம், ஊர் வம்பு என்று கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார்.

1742-இல் தூப்ளே கவர்னரானார். தலைமை துபாஷ் கனகராய முதலியார் 1746-இல் இறந்ததும் அந்தப் பொறுப்பு பிள்ளையிடம் வந்தது. அதே வருஷம் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டபோது, ஊரின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அத்தனை செல்வாக்கு இருந்தும் பிள்ளையால் தடுக்க முடியவில்லை. தமக்குப் பெருமை தராத அந்த நாட்களையும் விலாவாரியாக எழுதினார். என்னை உலுக்கியது இந்த இடம்தான்.

1754-இல் தூப்ளே போனார். 1756-இல் பிள்ளையின் பதவியும் போனது. உடம்பு தளர்ந்தது. ஆனாலும் குறிப்பு நிற்கவில்லை. 1761 ஜனவரியில் கண்ணை மூடினார். அதே மாதம் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது.

நோட்டுகள் எண்பது வருஷத்துக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1846-இல் கல்வா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்து நகல் எடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சிட்டது. இடையிடையே தொலைந்துபோன பகுதிகளும் உண்டு. நகல் எடுக்க யாரோ உட்கார்ந்ததால்தான் மிச்சமாவது நமக்குக் கிடைத்தது.

படிக்கிறவன் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். பெயர்த்து எழுதுகிறவன் ஒரு வரியையும் தாண்ட முடியாது. எனக்கும் அந்தச் சோதனை வந்தது. குளத்துக்கரை வயலை தாத்தா நல்ல விலை கொடுத்து வாங்கினார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நோட்டில் இருந்ததோ வேறு. தட்டுப்பாடான ஒரு வருஷம் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்த எட்டு மூட்டை நெல்லுக்கு ஈடாக அந்த வயல் வந்திருக்கிறது. வட்டிக் கணக்கும் தாத்தாவின் கையெழுத்திலேயே இருந்தது.

அந்த வரிகளை விட்டுவிடச் சொன்னார் அப்பா. ஊர் என்ன பேசும் என்ற கவலை அவருக்கு. நானும் இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கோயில் இடிந்ததை எழுதிய அந்தப் பிள்ளைதான் மனசுக்குள் வந்து நின்றார். தாத்தாவே மறைக்காததை மறைக்க நான் யார்? அப்படியே ஏற்றினேன். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, அந்த வயல்காரர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

தம்பி, தங்கைகளே, லீவுக்கு ஊருக்குப் போனால் பரணில் ஏறிப் பாருங்கள். நோட்டு ஏதாவது கிடைத்தால் ஒரு வரி விடாமல் எழுதுங்கள்.