எண்பது வயசுல கட்சி ஆரம்பிச்சவர்

நந்தனம் மெட்ரோவில் தினமும் ஏறி இறங்குறவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர் இருக்கீங்க. அந்தப் பேரை வெச்சது ராஜாஜின்னு சென்னை வரலாறு எழுதுறவங்க சொல்வாங்க. அவர் முதலமைச்சரா இருந்த 1952-53, தமிழ் வருஷக் கணக்கில் நந்தன ஆண்டு.

ராஜாஜி 1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் பெரிய வக்கீல், பிறகு காந்தியின் நண்பர், சம்பந்தியும்கூட. சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர், 1948-ல் கவர்னர் ஜெனரல். இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கு. நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்த கதை.

1952-ல் அவர் முதலமைச்சராகும்போது, உலகப் போர் காலத்தில் வந்த அரிசிக் கட்டுப்பாடு இன்னும் இருந்தது. கடையில் ரேஷன், மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு போகத் தடை. அந்த ஜூன் மாதமே ராஜாஜி அதை எடுத்துவிட்டார். விலை எகிறும், பஞ்சம் வரும் என்று பலர் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. 1954-க்குள் நாடு முழுக்கவே உணவுக் கட்டுப்பாடு போய்விட்டது.

அந்தக் காலத்தில் இது சாதாரண முடிவு இல்லை. உலகம் முழுக்க அரசாங்கமே திட்டம் போட்டுப் பொருளாதாரத்தை நடத்தணும் என்ற நம்பிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அரசின் கை சின்னதா இருக்கணும், மனுஷன் தன் வாழ்க்கையைத் தானே முடிவு பண்ணணும் என்பது 19-ம் நூற்றாண்டின் பழைய தாராளவாதம். அதைத் தூசி தட்டி எடுத்தவங்க கொஞ்சம் பேர்தான். ஹயக் 1944-ல் புத்தகம் எழுதினார், 1947-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு சங்கம் கூட்டினார். இந்தியாவில் 1955-ல் பி.ஆர். ஷெனாய், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளாதார நிபுணர் குழுவில் தனி ஆளா மறுப்பு எழுதினார்.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ், நிலங்களைச் சேர்த்துக் கூட்டுப் பண்ணையாக்கத் தீர்மானம் போட்டது. ஜூன் 4-ம் தேதி, நம்ம சென்னையில், ராஜாஜியும் மினு மசானியும் புதுக் கட்சியை அறிவித்தார்கள்: சுதந்திரா. தலைவர் விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா. ராஜாஜிக்கு அப்போ வயசு 80! பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்ற பேரைப் பிரபலமாக்கினதும் அவர்தான். நம்ம பாஷையில் சொன்னா, மெஷின் இருக்கு, ஆள் இருக்கு, வாங்க கஸ்டமரும் இருக்காங்க. ஆனா லைசென்ஸில் போட்ட எண்ணிக்கைக்கு மேல தயாரிச்சா குற்றம். ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த கதையை வீட்டுத் தாத்தாவிடம் கேளுங்க.

1962-ல் மக்களவையில் 18 இடம். 1967-ல் 44 இடம், பெரிய எதிர்க்கட்சி. இங்கே தி.மு.க.வோடு கூட்டணி. ரேஷனை எடுத்தவர், ரூபாய்க்கு மூணு படி அரிசி தருவோம்னு சொன்ன கட்சியோடு மேடை ஏறினார்!

இப்போ கஷ்டமான பகுதி. 1938-ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதும் இதே ராஜாஜிதான். 1953-ல் கிராமத் தொடக்கப் பள்ளியை மூணு மணி நேரமா சுருக்கி, மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பாவின் தொழிலைக் கத்துக்கட்டும் என்றார். எதிர்த்தவங்க குலக்கல்வி என்றார்கள். அந்த எதிர்ப்பில் 1954-ல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே கைவிட்டார். நம்ம கிளாஸில் முதல் பட்டதாரி சான்றிதழ் வெச்சிருக்கிறவங்க எத்தனை பேர்? அந்தத் திட்டம் நிலைச்சிருந்தா அவங்க எங்கே இருந்திருப்பாங்கன்னு யோசிங்க.

ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் காலமானார். 1974-ல் கட்சியும் வேறொரு கட்சியில் கரைஞ்சது. 1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையே போச்சு. நாம இன்னிக்கு பிளேஸ்மென்ட்டுக்கு இத்தனை கம்பெனி வருதுன்னா, அதில் அந்த மாற்றத்துக்கும் பங்கு இருக்கு.

அதனால் யாராவது அவரை முழு ஹீரோ, இல்லை முழு வில்லன் என்று சொன்னா, 1952-யும் 1953-யும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பேசச் சொல்லுங்க. தன் நெல்லை எங்கே விற்கணும்னு முடிவு பண்ண கிராமத்து மனுஷனை நம்பினவர், அவன் பிள்ளை என்ன ஆகணும் என்பதை மட்டும் ஏன் அவங்களிடமே விடலை?