இமயம் கண்ட டென்சிங்

முன்னுரை

சென்னை மாநகரின் தென்பால், அடையாற்றைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், பரங்கிமலை என்னும் குன்று தோன்றும். அதன் உயரம் ஏறத்தாழ 300 அடியே ஆகும். சிறுவரும் முதியோரும் அதன் படிகளில் ஏறி, உச்சியிலிருந்து ஊரையும் கடலையும் கண்டு மகிழ்வர். உலகின் மிக உயர்ந்த மலையாகிய எவரெஸ்டுக்கும் இச்சிறு குன்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வில்லியம் லாம்டன் என்னும் அளவையறிஞர் இக்குன்றின் அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் நோக்கிச் சங்கிலி கொண்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். அவ்வளவைப் பணி முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வடக்கு நோக்கி வளர்ந்து, இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. பல்லாண்டுகள் பலர் குறித்துவைத்த அளவுகளைக்கொண்டு இராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணித வல்லுநர் செய்த கணக்கினால், அதுவரை எண்ணால் மட்டுமே சுட்டப்பெற்றுவந்த ஒரு சிகரம் உலகிலேயே உயர்ந்தது என்பது புலனாயிற்று. அதற்கு எவரெஸ்டு என்னும் பெயர் 1865ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது.

அச்சிகரத்தின் உயரம் 29,032 அடி என்று இன்று கணக்கிடப்பட்டுள்ளது. திருமயிலைக் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 120 அடி உயரமுடையது. அத்தகைய கோபுரங்கள் 240க்கு மேற்பட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் எவரெஸ்டின் உயரம் வரும். ஆப்பிரிக்காக் கண்டத்தின் மிக உயர்ந்த மலையாகிய கிளிமஞ்சாரோவுக்கு ஏறத்தாழ 160 கோபுரங்கள் போதும்.

இத்தகைய பெருமலைகளில் எவரும் தனித்து ஏறுதல் அரிது. வழி அறிந்தவர் முன்செல்ல, சுமை எடுப்போர் உடன்வரக் குழுவாகவே ஏறுவர். உச்சியை அடைந்தவருடைய பெயரை உலகம் போற்றும். அவருடைய கூடாரத்தையும் உணவையும் முதுகில் தாங்கி வந்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்து போகும். அங்ஙனம் சுமை தூக்கியவருள் ஒருவராகத் தம் வாழ்வைத் தொடங்கி, உலகின் உச்சியில் நின்றவர் டென்சிங் நார்கே.

இளமைப் பருவம்

டென்சிங் 1914ஆம் ஆண்டில் ஷெர்ப்பா குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த மக்கள் பதின்மூவர். அவருள் இவர் பதினோராமவர். முதலில் இவருக்கு இட்ட பெயர் நம்கியால் வாங்டி என்பது. பின்னர்ப் பௌத்தத் துறவி ஒருவர் அறிவுரைப்படி டென்சிங் நார்கே என்று பெயர் மாற்றினர். செல்வமும் நற்பேறும் உடைய அறநெறியாளன் என்பது அப்பெயரின் பொருள். வீட்டிலோ செல்வம் இல்லை. யாக்கு எனப்படும் சடை எருதுகளை மேய்ப்பதே சிறுவர் டென்சிங்கின் தொழிலாயிற்று.

மேய்ச்சல் நிலத்திலிருந்து அவர் நாள்தோறும் கண்டது எவரெஸ்டையே ஆகும். அம்மலையை அவ்வூரார் தெய்வத் தாயாகக் கருதிச் சோமோலுங்மா என்று அழைத்தனர். எந்தப் பறவையும் அதன்மேல் பறந்து செல்ல இயலாது என்றும் நம்பினர். வெளிநாட்டார் அம்மலையில் ஏற முயல்கின்றனர் என்பதையும், தம் இனத்தார் அவர்களுக்குச் சுமை தூக்கச் செல்கின்றனர் என்பதையும் சிறுவர் டென்சிங் கேள்வியுற்றார். தாமும் அங்குச் செல்லவேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பதினெட்டு வயதளவில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, மலையேறுவோர் கூடும் இடமாகிய டார்ஜிலிங்கை அடைந்தார்.

சுமை தூக்கும் பணி

டார்ஜிலிங்கில் அவர் விரும்பிய பணி உடனே கிட்டவில்லை. முன்பு மலையேறியதற்குச் சான்றுச்சீட்டு உடையவர்களையே குழுத்தலைவர்கள் விரும்பினர். 1935ஆம் ஆண்டில் எரிக் ஷிப்டன் என்னும் ஆங்கிலேயர் எவரெஸ்டுப் பகுதியை ஆராயச் சென்றபோது, சான்றுச்சீட்டு ஏதுமில்லாத இவ்விளைஞரையும் சேர்த்துக்கொண்டார். அன்று தொடங்கியது டென்சிங்கின் மலை வாழ்வு.

பெருமலையில் ஏறும் முறையை நாம் ஈண்டு அறிதல் வேண்டும். உயரம் மிக மிகக் காற்றின் செறிவு குறையும். எவரெஸ்டின் உச்சியில் கடல் மட்டத்திலுள்ள காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கே உண்டு. ஆதலின் ஒரே மூச்சில் ஏறிவிடுதல் இயலாது. மலையின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பாசறைகளை அமைப்பர். ஒவ்வொரு பாசறைக்கும் கூடாரம், உணவு, எரிபொருள், உயிர்வளிக் கலம் ஆகியவற்றைச் சுமையாளர் கொண்டு சேர்ப்பர். கீழே பலர் சுமந்தால்தான் மேலே இருவரேனும் ஏற இயலும்.

இப்பணியில் டென்சிங் விரைவிலேயே சிறந்து விளங்கினார். 1938ஆம் ஆண்டில் 27,000 அடிக்கும் மேலுள்ள பாசறைக்குச் சுமையுடன் ஏறினார். அதற்காகப் புலி என்னும் சிறப்புப் பட்டத்தையும் பதக்கத்தையும் பெற்றார். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் உடன் சென்றோரிடமிருந்து பல மொழிகளைப் பேசக் கற்றார். பனியின் இயல்பையும் வானிலையின் குறிப்பையும் நன்கு உணர்ந்தார்.

இரண்டு தோல்விகள்

1947ஆம் ஆண்டில் ஏர்ல் டென்மன் என்பவர் டார்ஜிலிங்குக்கு வந்தார். அவர் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள விருங்கா மலைகள் எட்டிலும் ஏறியவர். அவரிடம் பெரும்பொருள் இல்லை. திபெத்துக்குள் செல்ல இசைவுச்சீட்டும் இல்லை. வெற்றி பெறுதல் அரிது என்பதை டென்சிங் அறிவார். எனினும் எவரெஸ்டு என்னும் பெயரைக் கேட்டபின் அவரால் மறுக்க இயலவில்லை. இருவரும் ஆங் தாவா என்னும் மற்றொரு ஷெர்ப்பாவுடன் மறைந்து சென்று மலையை அடைந்தனர். கடுங்குளிரும் சூறைக்காற்றும் அவர்களைத் தடுத்தன. மேலும் ஏறுவது உயிரை இழப்பதாகும் என்று உணர்ந்து திரும்பினர். பிரிந்தபொழுது டென்மன் தம் கம்பளிக் குல்லாயை டென்சிங்குக்கு விட்டுச் சென்றார்.

1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவுடன் டென்சிங் சென்றார். அம்முறை அவரைச் சுமையாளராக மட்டும் கருதாமல், மலையேறும் குழுவின் உறுப்பினராகவே ஏற்றனர். ரேமண்ட் லாம்பர்ட் என்பவர் அவருக்கு இணையானார். ஒருவர் மொழி மற்றவருக்கு நன்கு தெரியாது. சைகையும் புன்னகையுமே அவர்களுக்கு மொழியாயின. ஏறத்தாழ 27,500 அடி உயரத்தில், உறங்குபையும் அடுப்பும் இன்றி ஓர் இரவைக் கழித்தனர். மெழுகுவத்தியின் சுடரில் பனிக்கட்டியை உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். உறங்கினால் உறைந்து போவோம் என்று அஞ்சி, ஒருவரை ஒருவர் தட்டி விழித்திருந்தனர். மறுநாள் 28,200 அடி வரை ஏறினர். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. உடலில் வலிமை எஞ்சவில்லை. மேலே சென்றால் மீள இயலாது என்பது இருவருக்கும் விளங்கியது. திரும்பினர். பல்லாண்டு விரும்பிய பொருள் எதிரே நிற்க, அதனை விட்டுத் திரும்புதற்கும் பெருந்துணிவு வேண்டும். லாம்பர்ட் தம் கழுத்திலிருந்த செந்நிறத் துண்டை நண்பருக்கு அளித்தார்.

வெற்றிப் பயணம்

1953ஆம் ஆண்டு ஜான் ஹண்டு என்பவரின் தலைமையில் ஆங்கிலேயக் குழு புறப்பட்டது. சுமையாளர் மட்டும் 350 பேருக்கு மேல் இருந்தனர். டென்சிங் ஷெர்ப்பாக்களின் தலைவராகவும் மலையேறும் குழுவின் உறுப்பினராகவும் அமர்த்தப்பெற்றார். காட்மாண்டு நகரில் மலையேறுவோர்க்குத் தூதரகத்தில் அறைகள் அளிக்கப்பட்டன. ஷெர்ப்பாக்களுக்கோ வண்டிக் கொட்டகையின் தரையே கிடைத்தது. டென்சிங்குக்கு அறை கிடைத்தும், அவர் தம் மக்களுடனேயே கொட்டகையில் தங்கினார். மனம் புண்பட்ட ஷெர்ப்பாக்களை அமைதிப்படுத்திப் பயணம் தடைப்படாமற் காத்தவரும் அவரே.

மலையில் ஒருநாள் எட்மண்டு ஹில்லரி என்னும் நியூசிலாந்து நாட்டு வீரர் பனிப்பிளவு ஒன்றைத் தாண்டியபோது, காலடிப் பனி உடைந்து பள்ளத்துள் வீழ்ந்தார். பின்னே வந்த டென்சிங் நொடியில் தம் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுகப் பற்றினார். ஹில்லரி உயிர் பிழைத்தார். அன்றுமுதல் இருவரும் இணைபிரியாத் துணைவர் ஆயினர்.

மே 26ஆம் நாள் போர்டில்லன், எவன்ஸ் என்னும் இருவர் உச்சிக்கு 300 அடி கீழ்வரை சென்று திரும்பினர். அதே நாளில் தலைவர் ஹண்டும் தா நம்கியால் என்னும் ஷெர்ப்பாவும் பொருள்களைச் சுமந்து சென்று 27,000 அடிக்கு மேல் வைத்துவிட்டு மீண்டனர். 28ஆம் நாள் லோ, கிரிகோரி, ஆங் நியிமா ஆகிய மூவர் அப்பொருள்களையும் எடுத்துக்கொண்டு 27,900 அடியில் இறுதிப் பாசறை அமைக்க உதவினர். பின்னர் அவர்கள் இறங்கிவிட, டென்சிங்கும் ஹில்லரியும் மட்டும் அங்கு இரவைக் கழித்தனர்.

மறுநாட் காலையில் ஹில்லரியின் மிதியடிகள் உறைந்து கல்லாயிருந்தன. அவற்றை அடுப்பில் காட்டி இளக்கினர். ஆறரை மணிக்குப் புறப்பட்டனர். ஒருவர் பனியை வெட்டிப் படி அமைக்க, மற்றவர் கயிற்றைக் காத்து நின்றார். சிறிது நேரம் சென்றபின் இடம் மாறினர். உச்சிக்கு அருகே 40 அடி உயரமுள்ள பாறைச் சுவர் ஒன்று வழிமறித்தது. பாறைக்கும் பனிக்கும் இடையிலிருந்த பிளவின் வழியே அதனையும் கடந்தனர். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு மனிதரின் அடி முதன்முதலாக எவரெஸ்டின் உச்சியில் பதிந்ததாக வரலாறு பதிவு செய்தது.

டென்சிங் தம் பனிக்கோடரியில் ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகளைக் கட்டி உயர்த்தினார். தம் இளைய மகள் கொடுத்தனுப்பிய சிறு வண்ணப் பென்சிலையும், சில இனிப்புகளையும் தெய்வத் தாய்க்குக் காணிக்கையாகப் பனியில் புதைத்தார். அவ்வேளையில் அவர் அணிந்திருந்தவற்றை எண்ணிப் பார்ப்போம். காலுறைகள் மனைவியார் ஆங் லாமு பின்னியவை. கழுத்தில் சூழ்ந்த செந்துண்டு லாம்பர்ட் அளித்தது. தலையிலிருந்த கம்பளிக் குல்லாய் ஆப்பிரிக்க மலைகளில் ஏறிய டென்மன் விட்டுச் சென்றது. தோல்வியுற்ற நண்பர்களையும் டென்சிங் உச்சிக்கு உடன் அழைத்துச் சென்றார் என்றே கூறலாம்.

வாய்மை

மலையை வென்று இறங்கியபின் வேறொரு சோதனை காத்திருந்தது. உச்சியில் முதலில் அடி வைத்தவர் யார் என்று எங்கும் வினவினர். டென்சிங்கே முதல்வர் என்று அவருடைய மக்கள் கூறி ஆரவாரம் செய்தனர். அதனை ஆம் என்று ஏற்றுக்கொண்டிருந்தால் புகழ் பெருகியிருக்கும். மறுத்துரைப்பாரும் எளிதில் இலர். இருவரும் சேர்ந்தே ஏறினோம் என்று முதலில் கூறிவந்தார். எனினும் வினா ஓயவில்லை. 1955ஆம் ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், ஹில்லரியே சில அடிகள் முன்சென்றார் என்றும், தாம் அவரைத் தொடர்ந்து உச்சியை மிதித்ததாகவும் தெளிவாக உரைத்தார். ஒரே கயிற்றில் பிணைந்தவருள் முன்னவர் பின்னவர் என்று பார்ப்பது மலையேறுவோர் வழக்கமன்று என்பதே அவர் கருத்து. தமக்குக் கிடைத்த பெரும்புகழை வாய்மையின் பொருட்டு அவர் தாமே குறைத்துக்கொண்டார். பனிமலையை வென்றதினும் இவ்வெற்றி எளிதன்று.

ஆசிரியப் பணி

பண்டித நேரு டென்சிங்கிடம் பேரன்பு கொண்டிருந்தார். இளைஞர்க்கு மலையேற்றம் கற்பிக்க, இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் டார்ஜிலிங்கில் நிறுவப்பெற்றது. களப்பயிற்சிக்கு டென்சிங் தலைவரானார். சுவிட்சர்லாந்து சென்று பயிற்றும் முறையை அறிந்துவந்து, 1976 வரை அப்பணியை ஆற்றினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவரிடம் கற்றனர். இந்திய அரசு 1959ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1986ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் டென்சிங் டார்ஜிலிங்கில் இயற்கை எய்தினார்.

முடிவுரை

எவரெஸ்டின் உச்சியில் டென்சிங் நிற்கும் ஒளிப்படத்தை நாம் கண்டிருக்கின்றோம். கொடிகள் கட்டிய கோடரியை உயர்த்தி நிற்கின்றார். உயிர்வளிக் கருவி முகத்தை மறைத்திருக்கின்றது. படத்தை எடுத்த ஹில்லரி அதில் இல்லை. இறுதிப் பாசறைக்குப் பொருள் சுமந்த ஆங் நியிமாவும் தா நம்கியாலும் இல்லை. சமவெளியிலிருந்து சுமை தூக்கிவந்த நூற்றுக்கணக்கானோரும் இல்லை. பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி பிடித்த பெயரறியாத் தொழிலாளரும் இல்லை. ஆயினும் இவர்கள் அனைவருடைய உழைப்பின் மேலேதான் அவர் நிற்கின்றார். அதனை என்றும் மறவாதிருந்தமையே டென்சிங்கின் பெருமை. மாணவர்களே, உயர்ந்த இடத்தில் நிற்பவர் எவரைக் கண்டாலும், அவரைத் தாங்கி நிற்கும் தோள்களையும் நினைத்துப் பார்ப்பீர்களாக.