காவடிச் சிந்து கண்ட சென்னிகுளம் அண்ணாமலையார்

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் நெருங்கிவிட்டால், நம் மதுரைச் சீமையின் சாலைகளில் காவடிகள் ஆடிச் செல்லும். தோளில் வளைந்த தண்டும் மயிற்பீலியும், இரு புறமும் பாற்குடங்களும் அசைய, பறையும் உறுமியும் காலுக்கு அடி எடுத்துக் கொடுக்க நடப்பவர்க்கு ஏட்டு இலக்கணம் வேண்டுவதில்லை. மூச்சிறைக்காமல் பாட ஒரு பாட்டு வேண்டும். அவர்களுக்கு அப்பாட்டை ஆக்கித் தந்தவர், இருபத்தாறே ஆண்டுகள் வாழ்ந்த புலவர் ஒருவர்.

அண்ணாமலை ரெட்டியார் 1865ஆம் ஆண்டு, சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அவ்வூர், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. வேளாண்குடிப் பிள்ளையான அவருக்கு ஏரைவிட ஏட்டிலேயே நாட்டம் மிகுதி. தமிழ் கற்கும் வேட்கை அவரைத் திருவாவடுதுறை ஆதீனம்வரை கொண்டு சென்றது. அங்கே, தம்மினும் பத்தாண்டு மூத்தவரான உ. வே. சாமிநாதையரிடம் சில காலம் பாடம் கேட்டார். பின்னர்த் தென்பாண்டி நாட்டுக்குத் திரும்பியவரை ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தம் அவைக்களப் புலவராக ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்துப் புலவர்க்கு மதிப்பளித்தவை அந்தாதியும் யமகமும் திரிபுமே. அண்ணாமலையாரும் அவ்வழியில் அயர்வின்றி உழைத்தார். சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை முதலியன அவர் புலமைக்குச் சான்றாய் நிற்பவை. அவற்றை நான் வாசித்திருக்கிறேன், வியந்தும் இருக்கிறேன். ஆயினும் வியப்பு வேறு, மறுமுறை எடுத்து வாசிக்கும் ஆசை வேறு என்பதை இக்கழகத்துக் கவிஞர்கள் அறிவர்.

ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடைக்கென்று ரெட்டியார் சிந்துகள் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. புலமைப் பணிக்கு இடையே, ஒரு நடைப்பயணத்தின் களைப்பைப் போக்க எழுந்த பாட்டு அது. அதுவே அவர் பெயரை நிறுத்திற்று.

வெண்பாவையும் விருத்தத்தையும் அசையும் சீரும் அளக்கின்றன. சிந்தை அளப்பதோ தாளம். ஏட்டில் எழுத்துக் குறைந்து தோன்றும் இடத்தைக் குரலின் நீட்டம் நிரப்பும். இந்த நெகிழ்ச்சியால், சிந்தைக் கட்டமைப்பற்ற நாட்டார் பாட்டு என்று தள்ளியவர் பலர். அண்ணாமலையார் அதன் நெகிழ்ச்சியைக் கெடுக்காமலே அதற்குள் இறுக்கத்தைப் புகுத்தினார். அடிதோறும் எதுகையும் மோனையும் ஓட, அரையடி முடிவுகளில் இயைபு வந்து விழும். அந்த இயைபு விழும் இடம் நடப்பவன் அடி வைக்கும் இடமாகவும் அமைகிறது. திரிபிலும் யமகத்திலும் பயின்ற கை இது; அந்தாதிகளில் கண்ணுக்கு வித்தை காட்டிய அதே பயிற்சி இங்கே காலுக்கு உதவுகிறது. ஆகவே அவர் பட்ட பாடு வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பொருளிலும் அப்படியே. கழுகுமலையின் வளமும் கோயிலின் சிறப்பும் பாடியவர், முருகன்மீது காதல் கொண்டு மெலியும் தலைவியின் கூற்றுக்கு நகர்கிறார். சங்க அகத்திணையின் தலைவியும் தோழியும் காவடிக் கூட்டத்தோடு தெருவில் இறங்கி நடக்கிறார்கள். தம் ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் பாட்டுக்குள்ளேயே முத்திரையாகப் பதித்து வைத்தார். பாடுவோர் நூலைப் பார்க்கப் போவதில்லை என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

நம் சோழவந்தான் ஈன்ற அரசஞ்சண்முகனார் 1868இல் பிறந்தவர். ரெட்டியாருக்கு மூன்றே ஆண்டு இளையவர். தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி கண்ட பேரறிஞர் அவர். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றிலும் கை வைத்தவர். அவர் பெயரை இவ்வூரில் எத்தனை இளைஞர் அறிவர்? கேட்டுப் பார்த்து வருந்தியிருக்கிறேன். சென்னிகுளத்தார் பெயரையும் அவர்கள் அறியார். ஆனால் மெட்டைச் சொன்னால் தலையசைக்கிறார்கள். இரண்டில் எது புலவனுக்குப் பேறு என்று துணிந்து கூற என்னால் இயலவில்லை.

ரெட்டியாருக்குப் பின், கழுகுமலைக்கு அணித்தாகிய எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி, பாஞ்சாலி சபதத்தை நொண்டிச் சிந்தில் அமைத்தார். பொதுமக்கள் விரும்பும் மெட்டில் காவியம் செய்தலே தாய்மொழிக்கு உயிர் தருவதாகும் என்று அதன் முன்னுரையில் கருதினார். அந்த மண்ணில் சிந்து அதற்குள் புலவர் அவையில் இடம் பெற்றுவிட்டிருந்தது.

அதைக் காண ரெட்டியார் இல்லை. 1891ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கச்சேரி மேடையில் பிற்பகுதித் துக்கடாவாக அவர் சிந்து ஒலிக்கும்போது அரங்கில் கைகள் தாமே தாளமிடுகின்றன. அடுத்த தைப்பூசத்தில் நம் தெருவழியே செல்லும் காவடிக்கூட்டம் பாடும்போது, பாட்டில் வரும் பெயரைச் சற்றுச் செவி கொடுத்துக் கேளுங்கள்.