மேக்னெட்டோ கோளாறும் மேதை கீன்ஸும்



டிப்ளமோ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, மாதக்கணக்காய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? சோம்பேறி என்று சொல்லும். சாமர்த்தியம் போதாது என்று சொல்லும். குறைஞ்ச சம்பளத்துக்குப் போக மாட்டேங்கிறான், அதான் இப்படி என்று சொல்லும். இதையே கொஞ்சம் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு பெரிய பெரிய பொருளாதாரப் பேராசிரியர்களும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூலியைக் குறைத்தால் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடும். கிடைக்கவில்லையென்றால் தப்பு தொழிலாளி மேல்தான் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கே தப்பு என்று எழுந்து நின்று சொன்னவர் ஜான் மேனார்ட் கீன்ஸ். பொருளாதாரம் நமக்கெதற்கு, நாம படிக்கிறது மெஷின் ஆச்சே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இவர் பேசியதும் ஒரு மெஷினைப் பற்றித்தான்!

கேம்பிரிட்ஜ் பிள்ளை

கீன்ஸ் 1883 ஜூன் 5 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஜான் நெவில் கீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். தாய் புளோரன்ஸ் சமூக சேவகி. பிற்காலத்தில் அந்நகரின் மேயராகவே வந்தவர். வறுமையை அனுபவித்த குடும்பம் அல்ல. உதவித்தொகையோடு ஈட்டன் பள்ளி, பிறகு கிங்ஸ் கல்லூரியில் கணிதம். 1905-ல் கணிதத் தேர்வில் பன்னிரண்டாவது இடம்.

1906-ல் சிவில் சர்வீஸ் தேர்வு எழுதி இரண்டாம் இடம் பெற்றார். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் உலகத்துக்கே பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த இந்த மனிதருக்கு அந்தத் தேர்வில் மதிப்பெண் குறைந்த பாடங்களில் பொருளாதாரமும் ஒன்று! (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ஆறுதல் அடையலாம்.) லண்டனில் இருந்த இந்தியா அலுவலகத்தில் வேலை. அங்கே அவருக்குக் கொடுத்த முதல் பணிகளில் ஒன்று, பம்பாய்க்குப் பத்துக் காளைகளைக் கப்பலேற்றி அனுப்புவது. இரண்டே வருடத்தில் சலித்துப் போய்க் கேம்பிரிட்ஜுக்கே ஆசிரியராகத் திரும்பிவிட்டார். ஆனால் இந்தியாவின் நாணயமும் நிதியும் பற்றி 1913-ல் அவர் வெளியிட்டதுதான் அவருடைய முதல் நூல். இந்தியாவில் ஒருநாள்கூடக் கால் வைக்காமலே எழுதிய புத்தகம் அது.

வசூலாகாத கடன்

முதல் உலகப்போர் முடிந்தது. 1919-ல் பாரிசில் சமாதான மாநாடு. பிரிட்டிஷ் நிதித்துறையின் பிரதிநிதியாகக் கீன்ஸ் போனார். தோற்ற ஜெர்மனியிடமிருந்து எவ்வளவு கறக்கலாம் என்பதே அங்கே பேச்சு. கீன்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜெர்மனியால் 200 கோடி பவுண்டு வரை கட்ட முடியும், அதற்கு மேல் கேட்டால் கட்டவும் முடியாது, நாடும் நாசமாகும் என்றார். வென்ற நாடுகள் ஒன்றுக்கொன்று பட்டிருந்த போர்க்கடன்களையும் அடித்துவிட வேண்டும் என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலையை உதறிவிட்டு வந்து, அதே ஆண்டு டிசம்பரில், சமாதானத்தின் பொருளாதார விளைவுகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரே புத்தகத்தில் உலகப் புகழ்!

நடந்தது என்ன? 1921-ல் விதித்த தொகை 13,200 கோடி தங்க மார்க். கீன்ஸ் சொன்னதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தவணை தவறியது என்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதிக்குள் படையோடு புகுந்தன. ஜெர்மன் அரசு நோட்டாக அச்சடித்துத் தள்ள, அந்த நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க்! நடுத்தரக் குடும்பங்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு காகிதமாய்ப் போயிற்று. கடன் கொடுத்தவன் கழுத்தை நெரித்தால் கடன்காரன் மட்டுமல்ல, கொடுத்தவனும் சேர்ந்தே விழுவான் என்பதை ஐரோப்பா பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

மேக்னெட்டோ

1925-ல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், பவுண்டைப் போருக்கு முன்பிருந்த பழைய தங்க மதிப்பிலேயே நிறுத்தினார். அது சுமார் பத்துச் சதவீதம் கூடுதல் என்றார் கீன்ஸ். பவுண்டு விலை கூடினால் பிரிட்டிஷ் நிலக்கரி வெளிநாட்டில் விலை போகாது. விற்க வேண்டுமானால் சுரங்கத் தொழிலாளியின் கூலியில் கை வைக்க வேண்டும். அப்படியே ஆயிற்று. கூலிக் குறைப்பை எதிர்த்து 1926 மே மாதம் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம். ஒன்பது நாளில் அது முடிந்தாலும், சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து போராடித் தோற்றார்கள். லண்டனில் யாரோ எடுத்த முடிவு, வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்தில் எவன் வீட்டு அடுப்பையோ அணைத்தது.

பிறகு 1929. நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின. 1933-ல் அங்கே நாலு தொழிலாளியில் ஒருவருக்கு வேலை இல்லை. பிரிட்டனில் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் தெருவில்.

கீன்ஸுக்கும் அடி பலமாகத்தான் விழுந்தது. அவரும் சந்தையில் விளையாடியவர். 1920-ல் அந்நிய நாணய வியாபாரத்தில் தன் பணத்தோடு நண்பர்கள் பணத்தையும் தொலைத்து, பிறகு சம்பாதித்து அடைத்தவர். 1929 சரிவையும் அவர் முன்கூட்டிக் கணிக்கவில்லை; சொத்தில் பெரும்பகுதி போயிற்று. சந்தை என்பது அறிவால் மட்டும் நடப்பதல்ல, அடுத்தவன் என்ன நினைப்பான் என்று ஊகிப்பவர்களின் கூட்டம் என்று அவர் எழுதியது சொந்த அனுபவம்.

இந்த நேரத்தில் 1930-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில்தான் நம்ம ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்குப் பிடித்த விஷயம் வருகிறது. இப்போது வந்திருப்பது மேக்னெட்டோ கோளாறு என்றார்! யோசித்துப் பாருங்கள். நடுரோட்டில் கார் நின்றுவிட்டது. பிஸ்டன் நல்லா இருக்கு, டேங்க்கில் பெட்ரோல் இருக்கு, டயர் புதுசு. மேக்னெட்டோவிலிருந்து பொறி மட்டும் வரவில்லை. அதற்காக யாராவது வண்டியே லாயக்கில்லை என்று காயலான் கடையில் போடுவார்களா? 1930-லும் அப்படித்தான். தொழிற்சாலைகள் இருந்தன. லேத்தும் இருந்தது, லேத் ஓட்டத் தெரிந்த கையும் இருந்தது. சட்டை இல்லாதவனும் இருந்தான், ஓடாத துணி மில்லும் இருந்தது. நடுவில் பொறி மட்டும் இல்லை. அந்தப் பொறிதான் செலவு.

நூறு நானூறாகும் கணக்கு

ஒருவன் செய்யும் செலவு இன்னொருவனின் வருமானம். கீன்ஸின் தத்துவத்துக்கு அடித்தளம் இந்த ஒரு வரிதான். வருங்காலத்தை நினைத்துப் பயந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால், எல்லாருடைய வருமானமும் குறையும். முதலாளி, சரக்கு விற்காதபோது புது மெஷின் வாங்க மாட்டார். வட்டியைக் குறைத்தாலும் தயங்குவார். கூலியைக் குறைத்தால் கடைக்கு வருபவனின் பையும் காலி. இந்தச் சுழலிலிருந்து தனி ஆள் எவனாலும் தப்ப முடியாது. அப்போது அரசாங்கம் கடன் வாங்கியாவது ரோடு போட வேண்டும், வீடு கட்ட வேண்டும், டெலிபோன் கம்பி இழுக்க வேண்டும். 1929 தேர்தலின்போதே லிபரல் கட்சிக்காக இதைச் சிறு வெளியீடாக எழுதினார். கட்சி தோற்றது. அரசு வாங்கும் கடன், தனியார் தொழிலுக்குப் போக வேண்டிய பணத்தைத்தான் பிடுங்கும் என்று நிதித்துறை கைவிரித்தது.

அவருடைய மாணவர் ரிச்சர்டு கான் 1931-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். நமக்குத் தெரிந்த பெருக்குத் தொடர்தான். ரோடு போட்டவனுக்கு 100 பவுண்டு கூலி. அதில் முக்கால் பங்கு செலவழித்தால் கடைக்காரனுக்கு 75. அவன் அதில் முக்கால் செலவழித்தால் இன்னொருவனுக்கு 56.25. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 100-ஐ கால் பங்கால் வகுக்கணும், விடை 400. நிஜ வாழ்க்கையில் வரிக்கும் இறக்குமதிக்கும் கொஞ்சம் ஒழுகிப் போகும், இவ்வளவு வராது. ஆனாலும் போட்ட பணம் போட்ட இடத்திலேயே நிற்பதில்லை என்பது நிச்சயம்.

ஆனால் பிரிட்டிஷ் அரசு செய்தது நேர்மாறு. 1931-ல் வேலையில்லாதோர் உதவித்தொகையிலேயே பத்துச் சதவீதம் வெட்டியது. கடற்படை வீரர்களே சம்பள வெட்டை எதிர்த்துக் கப்பலை எடுக்க மறுத்தார்கள். செப்டம்பர் 21 அன்று தங்க மதிப்பையே கைவிட வேண்டியதாயிற்று. கைவிட்ட பிறகுதான் மூச்சு வந்தது. 1932-ல் பேங்க் ரேட் 2 சதவீதத்துக்கு இறங்க, வீடு கட்டும் தொழில் எழுந்தது.

1936-ல் கீன்ஸின் பெரிய நூல், வேலைவாய்ப்பு, வட்டி, பணம் பற்றிய பொதுக் கோட்பாடு வெளிவந்தது. கூலியைக் குறைத்தால் வேலை தானாக வரும் என்ற பழைய கணக்கின் மேல் போட்ட சிவப்புக் கோடு அது. அடுத்த வருடமே அதற்கு ஒரு சோதனையும் நடந்தது. அமெரிக்காவில் ஓரளவு நிலைமை தேறியதும், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவசரப்பட்டு அரசுச் செலவைக் குறைத்தார். 1937-38-ல் வேலையின்மை மறுபடி ஏறியது.

மிச்சம் பிடிக்கச் சொன்னவர்

கீன்ஸ் என்றால் கண்மண் தெரியாமல் செலவழிக்கச் சொன்னவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. 1940-ல், போரின் நடுவே, ஆளுக்கும் பொருளுக்கும் தட்டுப்பாடு வந்தபோது அதே மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? மக்கள் செலவைக் குறைக்க வேண்டும், சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துப் போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் விலைவாசி ஏழையைத் தின்றுவிடும் என்றார். இஞ்சின் நின்றால் பொறி வேண்டும். ஓவர்ஹீட் ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். டிரைவருக்குத் தெரிந்த இந்த நியாயம் அரசியல்வாதிகளுக்கு முதல் பாதி மட்டும் ஞாபகம் இருப்பது கீன்ஸின் குற்றமல்ல.

கடன்காரர் பக்கம்

1937-ல் கீன்ஸுக்கு இதயநோய் கடுமையாகத் தாக்கியது. ரஷ்ய பாலே நடனக் கலைஞரான மனைவி லிடியா லோபோகோவா கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். அந்த உடம்போடுதான் 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போனார். 44 நாடுகள் கூடி ஐ.எம்.எஃப்., உலக வங்கி இரண்டுக்கும் வித்திட்ட மாநாடு. கடன்பட்ட நாடு மட்டுமல்ல, எக்கச்சக்கமாய்ப் பணம் சேர்த்துவைக்கும் நாடும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது கீன்ஸின் திட்டம். பணம் வைத்திருந்த அமெரிக்கா ஒப்புமா? அவர்கள் திட்டமே பெரும்பாலும் நிறைவேறியது.

அந்த மாநாட்டில் இந்தியாவும் இருந்தது. கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் குழுவில் ஒருவர். பின்னால் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். போருக்காக இந்தியாவிடமிருந்து பொருளையும் சேவையையும் எடுத்துக்கொண்டு, அதற்கான பணத்தை லண்டனில் கணக்கு மட்டும் எழுதி வைத்திருந்தது பிரிட்டன். இங்கே நோட்டு அச்சடித்துச் செலவைச் சமாளித்தார்கள், விலைவாசி பறந்தது, 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். போர் முடிவில் அந்தப் பாக்கி 100 கோடி பவுண்டுக்கு மேல். அதைப் புதிய நிதியத்தின் வழியாகத் தீர்க்க வழி செய்யுங்கள் என்று இந்தியக் குழு கேட்டது. பிரிட்டன் ஒப்பவில்லை. கடன் கொடுத்தவர்களோடு நாங்களே நேரில் பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று பதில் சொன்னவர் கீன்ஸ். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற யோசனையும் அவருக்கு இருந்தது. 1919-ல் தோற்ற எதிரிக்காக வாதாடிய அதே பேனா, 1944-ல் பஞ்சம் கண்ட அடிமை நாட்டின் பாக்கிக்கு முன்னால் தன் நாட்டின் பக்கம் சாய்ந்தது. மேதையை மதிப்போம்; இதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

1945-ல் வாஷிங்டனில் மாதக்கணக்கில் கெஞ்சிப் பேசி, பிரிட்டனுக்கு 375 கோடி டாலர் கடன் வாங்கி வந்தார். வட்டி 2 சதவீதம். அந்தக் கடனின் கடைசித் தவணையைப் பிரிட்டன் கட்டியது 2006 டிசம்பரில்! கீன்ஸோ அந்த அலைச்சலில் உருகிப்போனார். 1946 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, தன் டில்டன் பண்ணை வீட்டில் காலமானார். வயது 62. பெற்றோர் இருவரும் அப்போதும் உயிரோடிருந்தார்கள்.

அவருக்குப் பிறகு

போருக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் வழியே அரசுகளின் வழியாக இருந்தது. 1970-களில் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறியபோது, கீன்ஸ் காலம் முடிந்தது என்றார்கள். 2008-ல் அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்டதும் எல்லா அரசுகளும் அவருடைய அலமாரியைத்தான் திறந்தன. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போதும் அப்படியே.

அவர் சொன்ன மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. எந்த நேரத்தில், எவ்வளவு, எதில் செலவழிப்பது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர் நிலைநாட்டிவிட்டுப் போனார். இலட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் வேலையில்லாமல் நின்றால், அது இலட்சக்கணக்கான சோம்பேறிகள் திடீரென்று முளைத்ததால் அல்ல. எங்கோ பொறி அறுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது நாட்டை ஆள்பவர்களின் கடமை.

ஆகவே நண்பர்களே, சான்றிதழோடு வெளியே போகும் நம்மில் யாருக்காவது வேலை தாமதமானால், அவனைக் கூனிக் குறுக வைக்காதீர்கள். உங்களையும் நீங்களே குறைவாக எண்ணாதீர்கள். தொழிலை நன்றாகக் கற்றுக் கையைத் தயாராக வைத்திருப்பது நம் பொறுப்பு. வண்டியை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று ஆள்பவர்களைக் கேட்பது நம் உரிமை!