மொறிஸ் மைனரை வரைந்த ஏதிலிச் சிறுவன்

1922 செப்ரெம்பரில் ஸ்மேர்னா நகரம் எரிந்தது. இன்று துருக்கியின் இஸ்மிர் எனப்படும் அந்தத் துறைமுகத்தில், கடலுக்கும் நெருப்புக்கும் நடுவே கிரேக்கரும் ஆர்மேனியரும் பல்லாயிரக்கணக்கில் தவித்து நின்றார்கள். அந்த மாதம் பிரித்தானியக் கப்பலில் ஏறித் தப்பியவர்களில் அலெக் இசிகோனிஸ் என்ற 15 வயதுச் சிறுவனும் ஒருவன். தந்தை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர், தாய் ஜேர்மன் வழி வந்தவர். கப்பல் இயந்திரங்கள் செய்யும் சொந்தத் தொழிற்சாலையை விட்டுவிட்டு மால்டாவில் இறங்கினார்கள். தந்தை அங்கேயே இறந்துபோனார். இங்கிலாந்தில் தாயும் மகனும்தான் வாழத் தொடங்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரைத் தெரியாதவர் குறைவு. அதை வரைந்தவர் இந்த ஏதிலி என்று தெரிந்தவரோ அதிலும் குறைவு.

லண்டன் பற்றர்சி பொலிரெக்னிக்கில் அவர் மூன்று தடவை கணிதத்தில் சித்தியடையவில்லை. கைகொடுத்தது வரையும் திறமைதான். 1936 இல் மொறிஸ் நிறுவனத்தில் சேர்ந்து, உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு சின்னக் காரை வரையத் தொடங்கினார். மாதிரிக் கார் ஒடுக்கமாகப் பட்டது. அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டைப் பட்டி அந்த 4 அங்குலம்தான். முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனாலும் 1948 இல் சந்தைக்கு வந்து, பத்து இலட்சத்தைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் ஆனது.

எங்கள் வீதிகளில் அதற்குச் சரிநிகர் போட்டி ஒஸ்ரின் ஏ 40. அதிலும் 1952 முதல் 1954 வரை வந்த சோமர்செற்: 1200 சிசி, நான்கு கதவு, ஸ்ரேறிங்கோடு கியர், முன்னுக்கும் நீள ஆசனம். வாடகைக்கு ஓட அதுவே தோது. 1952 இல் இரு நிறுவனங்களும் ஒன்றாகிவிட, மைனருக்குள்ளும் ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் புகுந்தது. சம்பந்திகள் என்று சொல்லலாம்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது இரண்டும் ஒன்றாகவே மண்ணெண்ணெய் குடித்தன. கொஞ்சம் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்ததால் அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமம் நகர்ந்தபோது, ஏதிலி வரைந்த கார் ஏதிலிகளைச் சுமந்தது.

இன்று சேகரிக்க வாங்குபவர் பெயின்ற் மினுக்கத்தில் மயங்காமல் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். சோமர்செற்றுக்குத் தனிச் செசி உண்டு. மேல் தகரம் துருப்பிடித்தாலும் பிழைக்கும். மைனருக்கு உடம்பே செசி. கடற்காற்றில் தளம் அரித்தால் வண்டியின் முதுகெலும்பே போயிற்று. ஓட்டுவதற்கோ மைனர்தான், வளைவில் அது திரும்பும் சுகம் சோமர்செற்றில் இல்லை. பிரித்தானியாவில் உதிரிப்பாகங்களும் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. என் தெரிவு மைனர், தளம் நல்லதென்றால் மட்டும்.

இசிகோனிஸ் 1959 இல் மினி காரையும் தந்தார். 1969 இல் சேர் பட்டம் கிடைத்தது. மணம் முடிக்கவில்லை, ஸ்மேர்னாவிலிருந்து கூட வந்த தாயோடுதான் நெடுங்காலம் வாழ்ந்தார். 1988 ஒக்ரோபர் 2 இல் பேர்மிங்காமில் காலமானார். இந்திய இராணுவம் நிலைகொண்டிருந்த யாழ்ப்பாணத்தில் அவருடைய கார்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன.